மதிப்புரையா, மொய்யா?

1.
ஜனவரி வந்தால் சென்னைப் புத்தகக் காட்சி. 1977-ல் தொடங்கி இத்தனை வருஷமா நடக்குது, சந்தோஷம். ஆனா பந்தலைப் பிரித்த பிறகும் டைம்லைனில் இன்னொரு காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். "கையில் எடுத்தேன், கீழே வைக்க முடியவில்லை." "ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்." "தமிழில் இப்படி ஒரு நாவல் வந்ததே இல்லை." இதுவரை வந்தே இராத நாவல் ஒரே வாரத்தில் ஏழெட்டு வந்துவிடுகிறது.

2.
நீளமான இழை. ஆனா சொல்ல வருவது ஒரே விஷயம்தான். ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதும்போது, அதை எழுதியவர் உங்களுக்கு யார், அது உங்க கைக்கு எப்படி வந்தது, இந்த இரண்டையும் முதல் வரியிலேயே சொல்லுங்க. சொல்லாமல் எழுதினால் அது மதிப்புரை இல்லை, விளம்பரம். விளம்பரம் செய்வது குற்றமில்லை. விளம்பரத்தை வாசிப்பு அனுபவம் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

3.
"டாக்டருக்கு இதுல என்ன வேலை?" என்று கேட்பீங்க. இரண்டு காரணம். ஒன்று, அன்பளிப்பு வாங்கிக்கொண்டு கருத்து சொன்னால் என்ன ஆகும் என்பதை மருத்துவத் துறை பல வருஷம் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டு, மோசமான நாவலை நம்பி வாங்கினால் 300 ரூபாய் போகும். மோசமான ஆரோக்கியப் புத்தகத்தை நம்பினால் சிறுநீரகம் போகும். சில நேரம் ஆளே போய்விடுவார்.

4.
முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் புத்தகம் எதுவும் எழுதவில்லை. எந்தப் பதிப்பகத்திலும் எனக்குப் பங்கு இல்லை. இந்த இழையில் எந்தப் புத்தகத்தையும் வாங்கச் சொல்லப் போவதும் இல்லை. பார்த்தீங்களா, நாலு வரிகூட ஆகவில்லை. யாருடைய கௌரவமும் குறைந்துவிடவில்லை.

5.
இப்போ இது எப்படி நடக்குதுன்னு பாருங்க. புத்தகம் அச்சாகிறது. நிறைய ஃபாலோயர் உள்ள பத்து பதினைந்து பேருக்குக் கையெழுத்து போட்ட பிரதி கூரியரில் போகிறது. "உங்கள் கருத்துக்காகக் காத்திருக்கிறேன்" என்று ஒரு சீட்டு. ஒரு வாரம் கழித்து இன்பாக்ஸில் "சார், படிச்சிட்டீங்களா?" பத்து நாள் கழித்து மறுபடியும். இதற்கு மேல் "எனக்குப் பிடிக்கலை" என்று எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்?

6.
வராது. அதனால் முன்னுரையும் பின்னட்டையும் படித்துவிட்டு, அட்டையோடு ஒரு செல்ஃபி எடுத்து, "அவசியம் வாசியுங்கள்" என்று ஒரு பதிவு. ஆறு மாசத்தில் இவருடைய புத்தகம் வரும். அப்போ அவர் எழுதுவார். இவர் போட்டதை அவர் திருப்பிப் போட்டே ஆகணும். போடலைன்னா மனஸ்தாபம், அன்ஃபிரெண்ட், ஜாடைப் பதிவு. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கு. மொய்.

7.
மொய்யைக் கேவலமாகச் சொல்லவில்லை. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஊர் கூடிக் கைதூக்கிவிடுகிற ஏற்பாடு. ஆனா அங்கே ஒரு நோட்டு இருக்கும். பெயர், ஊர், தொகை எல்லாம் எழுதி வைப்பார்கள். யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்பதில் ஒளிவுமறைவு கிடையாது. நம்ம புத்தக மொய்யில்தான் நோட்டே இல்லை. வெளியிலிருந்து படிக்கிறவருக்கு இது மொய் என்றே தெரியாது. அவர் அதை ஒரு வாசகரின் தீர்ப்பு என்று நம்பிக் காசு கொடுக்கிறார்.

8.
"ஒரு புத்தகத்துக்காக நான் பொய் சொல்வேனா?" என்று கோபம் வரும். இதே கேள்வியை மருத்துவர்கள் பல வருஷம் கேட்டார்கள். மெடிக்கல் ரெப் தரும் பேனா, டைரி, மதியச் சாப்பாடு. "ஒரு பிரியாணிக்காக நான் மருந்தை மாத்தி எழுதுவேனா?" மனசாரத்தான் கேட்டார்கள். பொய்யர்கள் இல்லை. ஆனா கணக்கு வேறு மாதிரி வந்தது.

9.
2016-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 2,79,669 மருத்துவர்களின் சீட்டுகளை, மருந்து கம்பெனிகளிடம் அவர்கள் பெற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெற்றதில் 95 சதவீதம் வெறும் சாப்பாடு, சராசரி மதிப்பு 20 டாலருக்கும் கீழே. ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள்கூட அந்த கம்பெனி பிராண்டை மற்றவர்களைவிட அதிகமாக எழுதியிருந்தார்கள். சாப்பாடு கூடக்கூட, எழுதுவதும் கூடியது.

10.
சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பைத்தான் காட்டியது. அதையும் சொல்லிவிடணும். ஆனா இந்த மாதிரி தொடர்பு திரும்பத் திரும்பத் தெரிந்ததால்தான் விதிகள் வந்தன. இங்கே 2009 டிசம்பரில் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் 2002 நெறிமுறைகளைத் திருத்தி, மருந்து கம்பெனியிடம் பரிசு, பயணம், தங்குமிடம், பணம் வாங்கக் கூடாது என்றது. அமெரிக்காவில் 2010-ல் ஒரு சட்டம். அதன்படி எந்த கம்பெனி எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

11.
"விதி இருந்தும் டாக்டருங்க வாங்கிட்டுத்தானே இருக்காங்க?" சிலர் வாங்குகிறார்கள், மறுக்கலை. விதி இருப்பதால்தான் அதைத் தப்பு என்று உங்களால் விரல் நீட்டிச் சொல்ல முடிகிறது. புத்தக உலகில் அப்படி ஒரு கூச்சம்கூட இன்னும் வரவில்லை. ஓசியில் வந்த புத்தகத்தைப் பெருமையாகக் காட்டுகிறோம், ஓசியில் வந்தது என்பதை மட்டும் விட்டுவிடுகிறோம்.

12.
இதில் யாரும் கெட்டவர் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். நன்றி நல்ல குணம். அந்த நல்ல குணத்தைத்தான் கம்பெனியும் பயன்படுத்துகிறது, கூரியரில் வரும் கையெழுத்துப் பிரதியும் பயன்படுத்துகிறது. நன்றிக்கடன் இருக்கிற இடத்தில் கருத்து கொஞ்சம் சாயும், மனித மூளை அப்படித்தான். சாய்வதைத் தடுக்க முடியாவிட்டால் பரவாயில்லை. எந்தப் பக்கம் சாயுது என்று படிக்கிறவருக்குச் சொல்லிவிடலாமே?

13.
சொல்லாமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வெளிநாட்டுக் கதைகள் உண்டு. 2010-ல் ஆர்லாண்டோ ஃபைஜஸ் என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர், அமேசானில் புனைபெயரில் தன் புத்தகத்தைப் புகழ்ந்தும் போட்டியாளர்களின் புத்தகங்களை மட்டம் தட்டியும் எழுதியது வெளியே வந்தது. 2012-ல் நாவலாசிரியர் ஆர்.ஜே. எல்லரியும் இதே வேலையில் மாட்டினார். இருவரும் மன்னிப்பு கேட்டார்கள்.

14.
அதே 2012-ல் இன்னொரு செய்தி. கிண்டிலில் பத்து லட்சம் மின்னூல் விற்ற ஜான் லாக் என்ற அமெரிக்க எழுத்தாளர், காசு கொடுத்து 300 ரிவ்யூ வாங்கியிருந்ததை நியூயார்க் டைம்ஸ் எழுதியது. விற்றவர் அதையே தொழிலாக வைத்திருந்தார். இத்தனை ரிவ்யூவுக்கு இத்தனை டாலர் என்று விலைப்பட்டியல் போட்டு நடந்த வியாபாரம். நட்புக்காக எழுதுவதில் தொடங்கி விலைப்பட்டியலில் போய் முடிகிற பாதை இது. நடுவில் வேலி எதுவும் இல்லை.

15.
"பிடிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசாமல் இருந்துடுவேன் டாக்டர். பிடிச்சதை மட்டும்தான் எழுதுவேன். அதுல என்ன தப்பு?" பலரும் சொல்லும் பதில். கேட்க நாகரிகமாகத்தான் இருக்கு. ஒருத்தர் செய்தால் பாதகமில்லை. எல்லோரும் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவத்தில் ஓர் உதாரணம் இருக்கு. கொஞ்சம் கவனமாப் படிங்க.

16.
மனச்சோர்வு மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்து, 2008-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. எஃப்டிஏ கணக்குப்படி 38 ஆய்வில் மருந்து நல்ல பலன் தந்தது. அதில் 37 இதழ்களில் வெளியானது. மீதி 36 ஆய்வில் பலன் இல்லை, அல்லது சந்தேகம். அதில் 22 வெளியாகவே இல்லை. 11, நல்ல பலன் தந்த மாதிரி தெரியும்படி எழுதி வெளியானது. உள்ளதை உள்ளபடி சொல்லி வெளிவந்தது 3.

17.
விளைவு? இதழ்களை மட்டும் படித்த டாக்டருக்குப் பத்தில் ஒன்பது ஆய்வுக்கு மேல் வெற்றி என்று தெரியும். உண்மையில் பாதிதான். இதற்குப் பெரும்பாலும் யாரும் பொய் எழுத வேண்டியிருக்கவில்லை, வாயை மூடிக்கொண்டாலே போதுமாக இருந்தது. நம்ம டைம்லைனும் இப்படித்தான். வரும் பதிவெல்லாம் புகழ்ச்சி. ஏமாந்த வாசகர் சத்தமில்லாமல் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு, "தமிழ்ல இப்போ எதுவும் சரியா வர்றதில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார். அதில் அடிபடுவது நிஜமாகவே நன்றாக எழுதிய ஒரு புது எழுத்தாளர். அவரைப் புகழ வார்த்தையே மிச்சமில்லை, எல்லாவற்றையும் மொய்யில் செலவழித்துவிட்டோம்.

18.
இனி எனக்கு நிஜமாகவே தூக்கம் கெடுகிற பகுதி. "மருந்தில்லா வாழ்வு", "சர்க்கரைக்குக் குட்பை", "ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்" வகைப் புத்தகங்கள். (தலைப்புகள் உதாரணத்துக்கு நான் போட்டவை. இந்த மாதிரி எத்தனையோ உங்களுக்கே தெரியும்.) இவற்றுக்கும் அதே மொய்தான் விழுகிறது. எழுதியவர் நல்ல மனிதர், நண்பர், மேடையில் அழகாகப் பேசுகிறார். அதனால் "அவசியம் வாசியுங்கள்." பதிவு போட்டவருக்குச் சர்க்கரை கிடையாது. படிக்கிறவருக்கு இருக்கு.

19.
டைப் 1 சர்க்கரை உள்ள ஒருவருக்கு கணையத்தில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை. வெளியிலிருந்து ஊசியில் போவதுதான் அவர் உயிர். புத்தகத்தை நம்பி நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்று வலி, இழுத்து இழுத்து மூச்சு, மயக்கம். கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். பக்கத்தில் ஐசியூ இருந்து, நேரத்துக்கு வந்தால் பிழைக்கலாம். அவசரப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டரையும் கேளுங்க, "ஏன் ஊசியை நிறுத்துனீங்க?" என்ற கேள்விக்கு என்னென்ன பதில் கேட்டிருக்கிறார் என்று.

20.
"ஆனா எத்தனை பேர் பலன் கிடைச்சதுன்னு எழுதியிருக்காங்க பாருங்க டாக்டர்." பார்த்தேன். நன்றாக இருப்பவர்தான் ஐந்து ஸ்டார் போடுவார். வென்டிலேட்டரில் இருப்பவர் ஸ்டார் போடுவதில்லை. டயாலிசிஸ் மெஷினில் வாரம் மூணு தடவை படுத்திருப்பவர், எட்டு வருஷத்துக்கு முன் படித்த புத்தகத்தின் பக்கத்தைத் தேடிப்போய் "இதனால்தான் இப்படி ஆனேன்" என்று எழுதுவதில்லை. இறந்தவர் எழுதவே மாட்டார். ரிவ்யூப் பகுதியில் தெரிவது தப்பித்தவர்கள் மட்டும்.

21.
சட்டம் என்ன செய்யுது? 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகர விளம்பரங்கள்) சட்டம் இருக்கு. சர்க்கரை, புற்றுநோய் உட்பட ஒரு பட்டியல் நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. ஆனா நல்லெண்ணத்தோடு அறிவியல், சமூக நோக்கில் எழுதப்படும் புத்தகங்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அது சரியான விலக்குதான். புத்தகத்தைத் தடை செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன். அதனால்தான் பொறுப்பு நம்ம தலையில் விழுகிறது. சட்டம் விட்டுவைத்த இடத்தில் வடிகட்டியாக இருக்க வேண்டியது மதிப்புரை. அந்த வடிகட்டியில்தான் ஓட்டை.

22.
இந்த ஓட்டையை அமெரிக்காவில் ஒருவர் நன்றாகவே பயன்படுத்தினார். கெவின் ட்ரூடோ. 2004-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அவர் டிவியில் நீண்ட விளம்பரம் செய்து பொருள் விற்பதைத் தடுத்தது. புத்தகத்துக்கு மட்டும் அனுமதி, அதன் உள்ளடக்கத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு. கருத்துச் சுதந்திரம் அல்லவா? 2007-ல் எடை குறைப்புப் புத்தகம் வந்தது. விளம்பரத்தில் ரொம்பச் சுலபம், பிடித்ததைச் சாப்பிடலாம் என்றார். வாங்கிப் பிரித்தால் தினமும் ஹார்மோன் ஊசி, நாளுக்கு 500 கலோரி சாப்பாடு. நீதிமன்றம் 3.76 கோடி டாலர் கட்டச் சொன்னது. 2014-ல் நீதிமன்ற அவமதிப்புக்காகப் பத்து வருஷச் சிறை.

23.
ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன். மூளைப் புற்றுநோயை உணவாலும் மாற்று வழிகளாலும் சமாளித்து வாழ்வதாக இன்ஸ்டாகிராமில் சொல்லிக் கூட்டம் சேர்த்தார். 2013-ல் ஆப், அடுத்த வருஷம் பென்குயின் வெளியீடாகச் சமையல் புத்தகம். 2015-ல் புற்றுநோயே இருந்ததில்லை என்று தெரிந்தது. 2017-ல் 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம். பதிப்பகமும் அவர் சொன்னதைச் சரிபார்க்காமல் வெளியிட்டதற்காக 30,000 டாலர் கொடுத்தது. அத்தனை பெரிய பதிப்பகமே ஒரு மருத்துவ அறிக்கையைக் கேட்டுப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் பகிர்ந்தார்கள். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான்.

24.
எதிர்வாதங்களுக்கு வருவோம். "தமிழ்ல புத்தகம் விக்கிறதே சில நூறுதான். நண்பர்கள் கைகொடுக்கலைன்னா எழுத்தாளன் என்ன பண்ணுவான்?" நியாயமான கேள்வி. கைகொடுங்க! வெளியீட்டு விழாவுக்குப் போங்க, பத்து பிரதி வாங்கி ஊருக்குக் கொடுங்க, "என் நண்பன் புத்தகம் வந்திருக்கு, வாங்கி ஆதரிங்க" என்று தினம் ஒரு பதிவு போடுங்க. அதில் ஒளிவில்லை. எழுத்தாளர் தன் புத்தகத்தைத் தானே கூவி விற்பதிலும் அசிங்கமில்லை. இட்லி விற்கிறவர் கூவுவதில்லையா? அவரே பக்கத்தில் மாறுவேஷத்தில் உட்கார்ந்து, "ஆஹா, என்ன இட்லி!" என்று சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

25.
"நண்பன்னு சொல்லிட்டா நான் எழுதுறதை யார் நம்புவாங்க?" தலைகீழாகத்தான் நடக்கும். இப்படி ஒரு பதிவை யோசிச்சுப் பாருங்க: "எழுதியவர் என்னோடு கல்லூரியில் படித்தவர். பிரதி அவரே அனுப்பினார். முதல் பாதி அபாரம். கிராமத்து அத்தியாயங்களில் மனுஷங்க உயிரோட இருக்காங்க. சென்னைக்கு வந்த பிறகு கதை இழுக்குது. கடைசி நாற்பது பக்கம் இன்னொரு தடவை எழுதியிருக்கலாம்." இதைப் படித்ததும் எனக்கு அந்தப் புத்தகத்தை வாங்கணும் போலிருக்கும். இவர் சொல்வது நிஜமாக வாசித்தவரின் பேச்சு. எவ்வளவு கழிக்கணும் என்பதும் எனக்குத் தெரியும்.

26.
புகழ்ச்சியைத் திட்டிவிட்டு வசையை விட்டுவிட்டால் நியாயமில்லை. படிக்காமல் புகழ்வது ஒரு நோய் என்றால், படிக்காமல் அடிப்பது அதைவிட மோசமான நோய். தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010-ல் வந்தது. நாலு வருஷம் கழித்து சில பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துப் பரப்பினார்கள். முழு நாவலையும் படிக்காதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2015 ஜனவரியில் அவர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

27.
இப்போ இதற்குத் தெருவுக்குக்கூட வர வேண்டாம். 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், ரஷ்யாவில் நடக்கும் கதை என்பதற்காகக் குட்ரீட்ஸில் குவிந்த ஒரு ஸ்டார்களுக்குப் பிறகு, தன் நாவல் வெளியீட்டையே நிறுத்திவைத்தார். புத்தகம் அச்சுக்கே வரவில்லை, யாரும் படித்திருக்க முடியாது! அதே டிசம்பரில் கெய்ட் கொரெய்ன் என்ற புது எழுத்தாளர், போலிக் கணக்குகளில் சக எழுத்தாளர்களுக்கு ஒரு ஸ்டார் போட்டது அம்பலமாகி, பதிப்பகம் அவர் புத்தகத்தைக் கைவிட்டது. ஆக முதல் வரியில் மூன்றாவது ஒன்றையும் சேர்க்கணும்: முழுசாப் படிச்சீங்களா, பாதிதானா? பாதி படித்தவரின் கருத்தும் கருத்துதான். பாதி என்று சொன்னால்.

28.
"இதெல்லாம் டாக்டரோட ஆசை, சட்டமா என்ன?" ஓரளவு விதியே இருக்கு. 2021-ல் இந்திய விளம்பரத் தர அமைப்பு இன்ஃபுளுயன்சர்களுக்கு வழிகாட்டுதல் போட்டது, இலவசமாக வந்த பொருளும் அதில் அடங்கும். 2022 நவம்பரில் இணைய ரிவ்யூவுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலை வந்தது, கட்டாயமில்லை. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டியில் காசு, பரிசு, இலவசப் பொருள் மட்டுமில்லை, குடும்ப உறவும் தனிப்பட்ட உறவும் வேலை உறவும் இருந்தால்கூடத் தெளிவாகச் சொல்லணும் என்று இருக்கு. ஷாம்புவுக்கு இவ்வளவு என்றால், மனசுக்குள்ளே போகிற புத்தகத்துக்கு?

29.
எழுத்தாளர்களுக்கு. பிரதி அனுப்பினால் கூடவே ஒரு வரி எழுதுங்க: "பிடிக்கலைன்னா அப்படியே எழுதுங்க, நான் அனுப்பியதுன்னு குறிப்பிடுங்க." பிறகு இன்பாக்ஸுக்குப் போகாதீங்க. குறை சொன்ன வாசகரிடம் சண்டைக்குப் போகாதீங்க, ஆள் அனுப்பாதீங்க. அவர் உங்க புத்தகத்துக்கு இரண்டு நாள் கொடுத்திருக்கிறார். உடம்பு சம்பந்தமாக எழுதினால், என்ன படித்திருக்கிறீர்கள், நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் எது, யாரெல்லாம் இதைப் பின்பற்றக் கூடாது, மூன்றையும் முதல் பக்கத்தில் போடுங்க. போட முடியலைன்னா அந்தப் புத்தகம் இன்னும் தயாராகலை.

30.
பதிவு போடுகிறவர்களுக்கு. நாவலோ கவிதையோ உங்க ரசனை, உங்க உரிமை. ஆனா நோயைக் குணமாக்கும் என்று சொல்லும் புத்தகத்தைப் பரிந்துரைக்கும்போது நீங்க சீட்டு எழுதுறீங்க. உங்களுக்கு நோயாளி யாரென்று தெரியாது, அவர் வயது தெரியாது, கிரியாட்டினின் எவ்வளவு, கர்ப்பமா, குழந்தையா, எதுவும் தெரியாது. எந்த டாக்டரும் இப்படி ஆளைப் பார்க்காமல் ஆயிரம் பேருக்கு ஒரே சீட்டை எழுதினால் நீங்களே கேஸ் போடுவீங்க. ஒரு டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் அந்த வகைப் புத்தகத்தைப் பகிராதீங்க.

31.
வாசகர்களுக்கு. ஒரு பதிவைப் பார்த்து வாங்கும் முன்பு நாலு விஷயம் பாருங்க. இவருக்கும் எழுதியவருக்கும் என்ன உறவு? புத்தகத்துக்குள்ளிருந்து ஏதாவது சொல்கிறாரா, பின்னட்டையையே திருப்பிச் சொல்கிறாரா? ஒரு குறையாவது இருக்கா? போன மாசம் இவர் வேறு எதையாவது பிடிக்கலைன்னு எழுதினாரா? நாலுக்கும் பதில் இல்லைன்னா, கமென்டில் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்க: "புத்தகம் வாங்கினீங்களா, வந்ததா?" கோபப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

32.
கடைசியாக ஒன்று. எந்தப் புத்தகத்தைப் படித்தும், யார் சொல்லியும், இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ ரத்த உறைவு தடுப்பு மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீங்க. நிறுத்தணும்னு தோணினா புத்தகத்தோடு உங்க டாக்டரிடம் வாங்க. திட்டுவார் என்று பயந்தால் வேறு டாக்டரிடம் போங்க. நிறுத்திவிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் மட்டும் வராதீங்க.

இந்த இழையில் எங்கே தப்பு இருக்கோ கமென்டில் சொல்லுங்க, தாராளமாகத் திட்டலாம். நீங்க என் நண்பரா இருந்தா அதையும் சொல்லிட்டுத் திட்டுங்க.